"கை நீட்டினாரா?" என்ற கேள்விக்கு அப்பால்: குடும்ப வன்முறையை இனங்காண்பது எப்படி?

மணமான மகள் கண் கலங்கிப் பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "மாப்பிள்ளை கை நீட்டினாரா?" என்பதாகத்தான் இருக்கிறது. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி மறுநாளே பேருந்து ஏற்றிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால், காயம் தெரியாத கொடுமைகள் அனைத்தும் "வீட்டு விவகாரம்" என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன.

இந்தியாவில் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாத்தல் சட்டம், 2005, தனது மூன்றாவது பிரிவில் உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகை வன்முறைகளைக் குறிப்பிடுகிறது. மனைவிக்கு மட்டுமான சட்டம் இது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வாழும் அல்லது வாழ்ந்த தாய், மகள், சகோதரி, கணவனை இழந்த மருமகள், திருமணத்தை ஒத்த உறவில் இருக்கும் பெண் ஆகியோரும் இதன் கீழ் முறையிடலாம். ஒரு செயல் வன்முறையா என்பதை முடிவு செய்யும்போது, ஒட்டுமொத்தச் சூழ்நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே நேற்று நடந்த சண்டையை மட்டும் எடுத்து எடைபோடாமல், கடந்த சில மாதங்களில் அந்த வீட்டில் யார் யாருக்கு அஞ்சி வாழ்கிறார் என்பதைக் கவனியுங்கள். வாக்குவாதம் இல்லாத குடும்பம் இல்லை. மறுத்துப் பேசினால் என்ன நடக்குமோ என்று ஒருவர் மட்டும் எப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தால், அதை வாக்குவாதம் என்று சொல்ல முடியாது.

உடல்மீதான வன்முறையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. அறைவது, உதைப்பது, முடியைப் பிடித்து இழுப்பது மட்டுமின்றி, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் எந்தச் செயலும் இதில் சேரும். ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும். "குடித்தால்தான் அப்படி, மற்றபடி தங்கமானவர்" என்ற சமாதானத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதே போதையில் அவர் தன் முதலாளியையோ, தெருமுனையில் நிற்கும் காவலரையோ அடிப்பதில்லை என்றால், யாரை அடிக்கலாம் என்ற தெளிவு அவருக்கு இருக்கிறது என்று பொருள்.

சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் வன்முறையில், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை பெறவில்லை என்றோ குத்திக்காட்டுவதைச் சட்டமே தனித்துக் குறிப்பிடுகிறது. "மலடி" என்ற சொல்லை விசேஷ வீடுகளில் நாலு பேர் காதுபடச் சொல்லும் உறவினர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியவர்களைத் துன்புறுத்துவதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுவதும் இதில் அடங்கும். இந்த வகையில் மிகவும் நுட்பமானது, ஒருவரைத் தன் மனிதர்களிடமிருந்து மெல்ல மெல்லப் பிரிப்பது. தாய் தொலைபேசியில் அழைக்கிறார். கைபேசி ஸ்பீக்கரில் போடப்பட்டு மேசைமீது கிடக்கிறது. எதிரே கணவர் அமர்ந்திருக்கிறார். "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன், வச்சிடட்டுமா?" என்று எப்போதும் அதே மூன்று வாக்கியங்களில் பேச்சு முடிகிறது என்றால், மறுமுனையில் இருப்பவர் ஐயப்பட வேண்டும். அப்போது விளக்கம் கேட்காமல், ஆம், இல்லை என்ற பதிலே போதுமான கேள்விகளைக் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

நம் குடும்பங்களில் மிகப் பரவலாக இருந்தும் மிகக் குறைவாகப் பேசப்படுவது பொருளாதார வன்முறை என்பது என் கருத்து. மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணின் ஏ.டி.எம். அட்டை கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி போகும் எண்ணும் அவருடையதே. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பேருந்துக்கும் தேநீருக்கும் அவள் கேட்டு வாங்குகிறாள். மாலையில் திரும்பியதும் மீதிச் சில்லறையை எண்ணிக்கொடுக்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிக்கனமான குடும்பமாகத் தெரியும். சீதனமாக வந்த நகையைக் கேட்காமல் அடகு வைத்து ரசீதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, மகளிர் சுயஉதவிக் குழுவில் அவள் பெயரில் கடன் எடுக்கச் சொல்லிச் செலவழித்துவிட்டுத் தவணையை அவள் தலையில் கட்டுவது, சமையலுக்கும் மருந்துக்கும் பணம் தர மறுப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் இதே வகைதான். கூட்டாக வரவுசெலவு பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய மூன்று கேள்விகள் போதும்: வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியுமா, தன் தேவைக்கு அனுமதி கேட்காமல் செலவிட முடியுமா, கொடுக்க முடியாது என்று அவள் சொன்னால் என்ன நடக்கும்?

பாலியல் வன்முறை பற்றிப் பெண்கள் தாயிடம்கூட வாய் திறப்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் வலுக்கட்டாயமாக உறவு கொள்வதை நமது குற்றவியல் சட்டம் இன்னும் வன்புணர்ச்சியாக ஏற்கவில்லை. ஆனாலும் 2005 சட்டத்தின் கீழ் அது குடும்ப வன்முறையே, அதற்காகப் பாதுகாப்பு கோரலாம். விருப்பத்துக்கு மாறாக ஆபாசப் படங்களைப் பார்க்க வைப்பதும் இதில் சேரும்.

முதியோரையும் குழந்தைகளையும் மறந்துவிடக் கூடாது. வீட்டைச் செட்டில்மென்ட் எழுதி வாங்கிய பிறகு பெற்றோரைத் திண்ணைக்குத் தள்ளும் பிள்ளைகள் உண்டு. தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து, அது மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் உள்ளன.

இனங்கண்ட பிறகு செய்ய வேண்டியது, எழுதி வைப்பது. நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள் சொன்னபடியே, பார்த்தவர் யார் என்பவற்றைக் குறித்து, அந்தக் குறிப்பை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காயத்தோடு அரசு மருத்துவமனைக்குச் சென்றால், மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லாமல் நடந்ததையே சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறும். பின்னாளில் அந்த ஒரு வரி பெரிய சான்றாக நிற்கும். ஆதார், வங்கிப் புத்தகம், திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களும் வெளியே இருக்கட்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில் பெண்கள் உதவி எண் 181, மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியோரை நாடலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம். அதற்கான எண் 15100. அக்கம்பக்கத்தார் நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தால், அதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே உறுதி தருகிறது.

நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு கொடுத்தால், சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். வன்முறை கூடாது என்று நடுவர் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "இது என் வீடு, வெளியே போ" என்ற மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது: பெயரில் பத்திரம் இல்லாவிட்டாலும் அவளுக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மனு கொடுப்பதற்காகக் கணவரின் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் தாய்வீட்டு ஊரின் நீதிமன்றத்திலேயே கொடுக்கலாம்.