டனல் தன்னையே விழுங்காமல் தடுப்பது எப்படி?

கல்லடியிலுள்ள என் மடிக்கணினியைக் கல்முனையிலுள்ள சேவையகத்துடன் ஜிஆர்இ டனலால் (ஒரு பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்பும் வழி) இணைத்து, எல்லாப் பொதிகளையும், அதாவது வலையில் போகும் தரவுத் துண்டுகளையும், அதன் வழியே திருப்பியிருந்தேன். ஒரு மாலை மின்சாரம் போய் வந்தது. அதன் பிறகு ஒரு பொதிகூடக் கல்முனையை அடையவில்லை.

ஒரு தபாற்கந்தோரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடிதம் வந்தாலும் கல்முனை முகவரியிட்ட உறையில் போட வேண்டும் என்பது கட்டளை. அந்த உறையும் ஒரு கடிதம்தானே? அதற்கும் ஓர் உறை, அதற்கும் மேல் இன்னொன்று. டனலில் உறை என்பது வெளிப் பொதியின் தலைப்பு; ஜிஆர்இயில் ஒவ்வோர் உறைக்கும் 24 பைட் கூடும். டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூச்சியமானால் பொதியை வீசச் செய்யும் எண்) காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்; புதிய உறைக்குப் புதிய டிடிஎல், பொதியோ இன்னும் கணினியை விட்டே வெளியேறவில்லை.

இயங்குதளத்தின் கருவான கர்னல் இதைக் கண்டுகொள்கிறது. டனலின் வெளி உறை அதே டனலுக்கே திரும்பினால், லினக்ஸ் பொதியை வீசிவிட்டு மோதல் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. ஐபிவி6 டனல்களுக்கான இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 2473, 1998இலேயே உறை வரம்பு ஒன்றை வகுத்து, இயல்பளவை 4 என வைத்தது. இவை கணினியைக் காக்கும். பொதியைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அது நம் வேலை.

1. 'ஐபி ரூட் ஷோ டிஃபால்ட்' கட்டளையால் ரவுட்டரின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே 192.168.1.1 என்று கொள்வோம்.

2. டனலை எழுப்பும் முன்பே, மறுமுனைக்குத் தனிப் பாதை போடுங்கள்: 'ஐபி ரூட் ஆட் 203.0.113.10/32 வயா 192.168.1.1'. வரிசை முக்கியம்.

3. டனலை எழுப்பி, பொதுப் பாதையை (தனிப் பாதை இல்லாத பொதிகள் பிடிக்கும் டிஃபால்ட் பாதை) அதற்குத் திருப்புங்கள். எம்டியு, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு, 1476 பைட்.

4. 'ஐபி ரூட் கெட் 203.0.113.10' என்று கேளுங்கள். விடையில் டனலின் பெயர் வந்தால் சுழல் இருக்கிறது; உண்மையான வலையட்டையின் பெயர் வர வேண்டும்.

5. பலரும் விட்டுவிடும் படி இதுதான்: 'ஐபி ரூட் ஆட் பிளாக்ஹோல் 203.0.113.10/32 மெட்ரிக் 500'. பிளாக்ஹோல் என்பது பொதிகளை வீசிவிடும் பாதை; மெட்ரிக் என்பது முன்னுரிமை எண், குறைந்ததே முந்தும்.

அன்று மாலை நடந்தது இதுதான். ரவுட்டர் அணைந்ததும் கணினியின் முகவரியும், நான் கையால் சேர்த்த பாதையும் அழிந்தன. மின்சாரம் வந்ததும் முகவரி திரும்பியது, பாதை திரும்பவில்லை. உறைகள் பொதுப் பாதையைப் பிடித்து டனலுக்குள்ளேயே விழுந்தன. 'ஐபி மைனஸ் எஸ் லிங்க்' கட்டளையில் மோதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

ஐந்தாம் படி போட்டிருந்தால், தனிப் பாதை அழிந்தாலும் உறைகள் டனலை நாடாமல் அங்கேயே கைவிடப்படும். தனிப் பாதையை மறுபடி சேர்த்ததும், மெட்ரிக் குறைந்த அதுவே முந்திக்கொள்ளும்.