நடராசரைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது

கோயமுத்தூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசர் படத்தைக் காட்டியதும் தத்துவம் பேச ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சிலைக்குத் திருவாசி, அதாவது சுற்றி நிற்கும் நெருப்பு வளையம், இல்லை, உடம்பின் வளைவு முழுக்கத் தெரியும். "கண்ணு, இதே மாதிரி நில்லு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். வலது முழங்காலை மடக்கி, இடது காலைக் குறுக்கே தூக்கி, இடது கையைத் தும்பிக்கை மாதிரி அந்தப் பாதத்துக்கு மேலே நீட்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் தள்ளாடும், சிலையில் அந்தத் தள்ளாட்டம் துளியும் இல்லை என்பது அப்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும். அப்புறம் வரையட்டும். முதலில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றி, மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள் என்று சொன்னால் கண் விரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் இருக்கும் கனகசபை மண்டபத்துக்கும் கூட்டிப் போங்கள், கல்லில் ஆடும் சிவனையும் பார்க்கட்டும்.