புதுச்சேரிக்குக் குடிவருகிறீர்களா? பழைய ஏழு சீட்டர் வாங்கும் முன்

பாரிசிலிருந்தோ ரியூனியன் தீவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வருபவர்கள், வீடு பிடித்த கையோடு தேடுவது ஏழு பேர் உட்காரும் வண்டியைத்தான். வயதான அப்பா அம்மா, பிள்ளைகள், சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கும் உறவுக்காரர்கள், திருநள்ளாறு, வேளாங்கண்ணி என்று பயணங்கள் இருந்துகொண்டே இருக்கும். சின்ன கார் போதாது. நானும் 2017-ல் பிரான்சிலிருந்து திரும்பிய மூன்றாம் வாரமே ஒரு பழைய இன்னோவாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வண்டி நல்ல வண்டி, இன்றும் ஓடுகிறது. அதன் பேப்பர்தான் என்னை ஒன்றரை வருஷம் அலைய வைத்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன், உங்கள் வீடு எந்த அரசின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். கடைத்தெரு ஒன்றாகவே ஓடும், ஆனால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் அப்படித்தான். தெற்கே பாகூர்ப் பக்கம் போனால் புதுச்சேரி ஊரும் கடலூர் மாவட்ட ஊரும் மாறி மாறி வரும்.

புதுச்சேரியில் பதிவான வண்டியின் நம்பர் பி.ஒய். என்று தொடங்கும். கடலூர் என்றால் டி.என். 31, விழுப்புரம் என்றால் டி.என். 32. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, புதிய மாநிலத்தின் சாலை வரியும் கட்ட வேண்டும். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பி.ஒய். வண்டி மலிவாகத் தெரியும். வீடு தமிழ்நாட்டில் இருந்தால் அந்த வரியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு அப்போது கோட்டக்குப்பத்தில் வாடகை வீடு. வண்டியோ பி.ஒய். "ஒண்ணும் ஆகாது சார், பாதி ஊர் இப்படித்தான் ஓட்டுது" என்றார் கன்சல்டிங் கடைக்காரர். இங்கே பழைய வண்டி விற்கும் கடைக்குக் கன்சல்டிங் என்றுதான் பேர். அதைவிடப் பெரிய சிக்கல் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழில் இருந்தது. அதில் இருந்த பெயர், கடைக்கு வண்டியை விற்றவருடையது அல்ல, அவருக்கும் முந்தியவருடையது. முதல் ஓனர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார். இரண்டாமவர் பெயர் மாற்றாமலே ஓட்டிவிட்டுக் கடைக்குத் தள்ளியிருக்கிறார். போதாக்குறைக்கு வங்கிக் கடன் பதிவும் நீக்கப்படவில்லை. காரைக்காலுக்குப் போய் முதல் ஓனரைத் தேடிப் பிடித்து, அவரை வங்கிக்கு அழைத்துப்போய், கடன் பதிவை நீக்கும் படிவம் 35 வாங்கி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது நிலைமை கொஞ்சம் மேல். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாக அதைத் தெரிவித்துவிட்டால், அதன்பிறகு வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். என்.ஓ.சி., பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ஆகவே கடைக்குள் போனதும் அங்கீகாரச் சான்றிதழையும் இந்த வண்டிக்கான 29சி-யையும் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் கிளம்பிவிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் தெரியும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

பிரான்சிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார்த் கிரீஸ் என்று அங்கே சொல்வதுதான் இங்கே ஆர்.சி. ஆனால் கோந்த்ரோல் தெக்னிக் என்ற அந்த ஊர் வண்டிப் பரிசோதனை போல ஒன்று இங்கே இல்லை. அங்கே நான்கு வருஷத்துக்கு மேற்பட்ட காரை விற்பவர் ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றைக் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடையாது. யாரும் பரிசோதிக்காத வண்டியைத்தான் வாங்கப் போகிறோம். அந்தப் பரிசோதனையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2015-ல் கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் சீட் வரை மூழ்கின. அவற்றையெல்லாம் உடைத்துப் போட்டுவிடவில்லை, கழுவித் துடைத்து விற்றவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் மண், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால் வரும் பூஞ்சை வாடை, இவை மூன்றும் பொய் சொல்லாது.

வெள்ளம் தொடாத வண்டியையும் கடல் காற்று அடியிலிருந்து அரிக்கும். அதற்கு நல்ல வழி, டீலரின் சம்மதத்தோடு நீங்களே காசு கொடுத்து வண்டியை வாட்டர் வாஷுக்கு விடுவது. லிஃப்டில் ஏற்றும்போது உங்கள் மெக்கானிக்கோடு அடியில் நின்று பாருங்கள். கடைக்காரர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஓட்டிப் பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள், குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போங்கள். இரண்டு பேரோடு பூப்போல ஓடும் வண்டி, ஏழு பேரும் ஏ.சி.யும் சேர்ந்ததும் திணறும். காலாப்பட்டு வரை ஈ.சி.ஆரில் போய், திரும்பும்போது ஆரோவில் பக்கத்துக் குண்டும் குழியுமான சாலையில் விட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் உங்கள் அம்மாவை உட்கார வைத்து, ஏறி இறங்க முடிகிறதா, காற்று வருகிறதா என்று கேளுங்கள்.

எந்த வண்டி? பட்ஜெட் இருந்தால் இன்னோவா, குறைவென்றால் 2018-க்குப் பிறகு வந்த எர்டிகா. இரண்டுக்கும் கடலூரிலும் ஸ்பேர் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். செவர்லே என்ஜாய் போன்றவை விலை குறைவாக இருக்கும். ஆனால் அந்த நிறுவனம் 2017 கடைசியிலேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்னோவா என்றால் முன்பு மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடியதா என்று கேளுங்கள். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பேப்பரில் குறை இருந்தால் அட்வான்ஸ் திரும்பி வரும் என்று எழுதி வாங்குங்கள். கையில் பில் இருந்தால்தான் பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனர் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அவருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது.

கடைசியாக, பெயர். நம் ஆட்கள் பலருக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வாடகை ஒப்பந்தத்தில் இன்னொன்று, குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் முன்பின்னாக வேறு இருக்கும். பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி. கைக்கு வந்த அன்றே பெயர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள்.