மீன் தீவனத்தில் மூலிகை கலக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"செடிதானே, மீனை என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இலுப்பைப் புண்ணாக்குதான் பதில். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் கிடக்கும் விரால், கெளுத்தி மாதிரியான களை மீன்களை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்று நாம் போடுவது அதைத்தானே. அதிலுள்ள சப்போனின் என்ற நச்சுப்பொருள் மீனின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். வேம்பும் அளவு மீறினால் மீனுக்கு நஞ்சுதான், அதற்கு முன்பே கசப்பு தாங்காமல் மீன் தீவனத்தைத் தொடாது.

அதனால் "ஒரு பிடி போடு" என்ற கணக்கு வேண்டாம். குளத்தில் 1,000 மீன், சராசரி எடை 200 கிராம் என்றால் மொத்தம் 200 கிலோ. அதில் இரண்டு முதல் மூன்று சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 4 முதல் 6 கிலோ தீவனம். பூண்டு கிலோ தீவனத்துக்கு 10 கிராம் என்று வைத்தால் 40 முதல் 60 கிராம் போதும், அவ்வளவுதான். மாட்டுக்குச் சொன்ன அளவை மீனுக்குக் கொண்டுவருவதெல்லாம் வீண் வேலை.

காசு அதிகம் கரைவது கலக்கும் முறையில்தான். மஞ்சள் தூளைத் தவிட்டோடு பிசறி அப்படியே குளத்தில் வீசினால் அது தண்ணீருக்குப் போட்ட மஞ்சள், மீன் வாய்க்குள் போவது கொஞ்சம்தான். மஞ்சளில் வேலை செய்கிற குர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே கொஞ்சம் எண்ணெயில் குழைத்து மிதவைத் தீவனத்தின் மேல் பூசுங்கள். பூண்டு வேறு மாதிரி. நசுக்கினால்தான் அதில் வேலை செய்கிற அல்லிசின் உருவாகும், சூடு பட்டால் கெட்டுவிடும். முழுப் பல்லாக வேகவைத்து அரைத்தால் அந்தப் பொருள் உருவாகவே செய்யாது. பச்சையாக நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, ஆறிய கஞ்சியிலோ மரவள்ளி மாவுப் பசையிலோ கலந்து, தார்ப்பாயில் பரப்பிய தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, நாலு குருணையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கலங்கினால் பசை பத்தவில்லை.

அடுத்தது நேரம். பனிக்காலத்தில் கெண்டை உடம்பில் சிவப்புப் புண் வந்த பிறகு மூலிகைத் தீவனம் தேடி ஓடுகிறார்கள். புண் வந்த மீன் தீவனமே எடுக்காது, அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்? இதெல்லாம் எதிர்ப்புச் சக்திக்கான முன்னேற்பாடு. ஐப்பசி மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். அதற்காக வருஷம் முழுக்கக் கொடுத்தாலும் பயனில்லை, தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருந்தால் எதிர்ப்புச் சக்தி சோர்ந்துபோகும். சில வாரம் கொடுத்து, இடைவெளி விட்டு, மறுபடி கொடுங்கள்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது ஆக்சிஜன் குறைவு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் போடுங்கள், அங்கே மஞ்சளுக்கு வேலையில்லை. மீன் பேன் தோலில் ஒட்டியிருப்பதற்கும் தீவனத்தில் பூண்டு போட்டுப் பயனில்லை.

முருங்கை, சூபாபுல் (சவுண்டல் மரம்) இலையைப் பச்சையாக அரைத்துப் புண்ணாக்குக்குப் பதிலாகவே கொடுப்பவர்களும் உண்டு. சூபாபுலில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, மீன் வளர்ச்சி குன்றிவிடும்.

கடையில் "மூலிகை டானிக்" என்று தந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாததை வாங்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்துகள் எல்லாம் இங்கே மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை, அது கலந்திருந்தால் வளர்த்த நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

கலந்த தீவனத்தை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனமென்றால் இன்னும் கவனம், பச்சை பூத்த கட்டி தெரிந்தால் பொறுக்கிவிட்டுப் போடலாம் என்று நினைக்காமல் மூட்டையோடு தள்ளிவிடுங்கள்.