டயர் சைஸ் மாத்தப் போறீங்களா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துருங்க

நம்ம மதுரைப் பக்கம் காரு வச்சிருக்கவங்க டயர் சைஸை ஏத்துறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஸ்பீடு பிரேக்கர். மேலூர், உசிலம்பட்டி பக்கம் ஊருக்குள்ள போனா அவனவன் வீட்டு வாசலுக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கான், அஞ்சு பேரு உக்காந்து போனா அடி தட்டும். உடனே டயர் கடைக்குப் போய் நிப்போம், கடையில "ஒரு சைஸ் ஏத்திப் போடுங்கண்ணே, செட் ஆயிரும்"னு சொல்லுவாய்ங்க, நாமளும் தலையாட்டிருவோம். செட் ஆகலாம், ஆகாமலும் போகலாம், அது கடைக்காரர் வாயில இல்ல, டயர் விட்டத்துல இருக்கு.

மொதல்ல டயர் சைடுல இருக்க நம்பரைப் படிக்கக் கத்துக்கங்க. முதல் தலைமுறை ஹோண்டா அமேஸை எடுத்துக்குவோம், அதுல வர்றது 175/65 ஆர்14. 175ங்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65ங்கறது சைடு உயரம், ஆனா அது மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல 65 சதவீதம். இங்கதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க, அகலத்தை ஏத்துனா 65 அப்படியே இருந்தாலும் உயரமும் சேந்து ஏறிரும். ஆர்ங்கறது ரேடியல் டயர்னு அர்த்தம், 14ங்கறது டயரை மாட்டுற ரிம்மோட விட்டம், இஞ்ச்ல.

இப்ப கணக்கு. ரிம் 14 இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 25.4 மிமீ, ஆக 355.6. சைடு உயரம் 175ல 65 சதவீதம், 113.75. மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருக்குறதால ரெண்டால பெருக்குனா 227.5. ரெண்டையும் கூட்டுனா 583.1 மிமீ, இதுதான் டயரோட மொத்த விட்டம். இதே மாதிரி 185/65 ஆர்14க்குப் போட்டா 596.1 வரும், 2.2 சதவீதம் கூட. 185/70 ஆர்14க்குப் போட்டா 614.6, அதாவது 5.4 சதவீதம் கூட. கடையில ரெண்டையுமே "ஒரு சைஸ் ஏத்துனது"ன்னுதான் சொல்லுவாய்ங்க, ஆனா ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம் பாருங்க. தரையில இருந்து வண்டி ஏறுறது இந்த வித்தியாசத்துல பாதிதான், 185/70 போட்டாலும் கிட்டத்தட்ட 16 மிமீ, 185/65 போட்டா ஆறரை மிமீ, அவ்வளவுதான் கெடைக்கும்.

மீட்டர் எப்படித் தப்பாகுதுன்னா, வண்டி எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு மீட்டருக்கு நேரடியாத் தெரியாது, வீலோ கியர் பாக்ஸோ எத்தனை சுத்து சுத்துச்சுன்னு சென்சார் எண்ணிச் சொல்றதை வச்சுத்தான் அது வேகமாவும் கிலோமீட்டராவும் காட்டுது. 583 மிமீ டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமாரா 546 சுத்து சுத்தும், 614 மிமீ டயர் 518 சுத்துலயே அந்த தூரத்தை முடிச்சிரும். சுத்து கொறைஞ்சதால மீட்டர் வேகத்தையும் கொறைச்சுத்தான் காட்டும். பெரிய டயர் போட்டா நெசமா போற வேகம் கூடும், முள்ளு மட்டும் பழைய எடத்துலயே நிக்கும். சின்ன டயர் போட்டா அப்படியே தலைகீழா.

இதுல ஒரு விஷயம் இருக்கு, கம்பெனியில இருந்து வரும்போதே மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஐநா விதி 39ன்னு ஒண்ணு இருக்கு, அதுபடி மீட்டர் நெச வேகத்தை விடக் கொறைச்சுக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டுறதுக்கு மட்டும் 10 சதவீதமும் அதுக்கு மேல 4 கிலோமீட்டரும் வரைக்கும் இடம் உண்டு. அதனால மீட்டர் 100 காட்டுறப்ப நெசத்துல 95 போற வண்டிகள் நெறைய. அதுல 5.4 சதவீதம் பெரிய டயர் போட்டா நெசமாவே 100 போகும். "நல்லதுதானே, மீட்டர் கரெக்டா ஆயிருச்சு"ன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த அஞ்சு கிலோமீட்டர் நமக்கு இருந்த பாதுகாப்பு, அதைத் தூக்கிட்டா நாலுவழிச் சாலையில கேமராவுல மாட்டுறதுக்கும் திடீர்னு பிரேக் அடிக்குறப்பவும் கையில மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. அதோட ஓடுன கிலோமீட்டரும் மாறிரும், மதுரையில இருந்து திருநெல்வேலி 160 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க, 152தான் ஏறும். மைலேஜ் கொறைஞ்சிருச்சுன்னு மெக்கானிக்கிட்ட போய் நிக்கறவங்கள்ல சில பேருக்கு டீசல் கொறையே இல்ல, இந்தக் கணக்குதான் கொறை.

உங்க வண்டி மீட்டர் இப்ப எவ்வளவு கூட்டிக் காட்டுதுன்னு பாக்கணும்னா கப்பலூர் தாண்டி விருதுநகர் போற ரோட்டுல காலையில கூட்டம் இல்லாத நேரத்துல போங்க, மீட்டர்ல 80 வச்சு காலை ஆட்டாம புடிச்சுக்கங்க, பக்கத்துல உக்காந்திருக்கவங்க போன்ல ஜிபிஎஸ் வேகத்தைப் பாத்துச் சொல்லட்டும், ஓட்டுறவர் போனைத் தொடவே வேணாம். பாலத்துக்கு அடியில, வளைவுல எல்லாம் ஜிபிஎஸ் தடுமாறும், நேர் ரோட்டுல பத்து செகண்டு நிலையா நிக்குற நம்பரை மட்டும் எடுங்க. போன் வேணாம்னா மஞ்சத்தலை கிலோமீட்டர் கல்லு போதும், நெசமாவே 80ல போனா அஞ்சு கிலோமீட்டர் தாண்ட 3 நிமிஷம் 45 செகண்டு ஆகும், அதுக்கு மேல ஆனா மீட்டர் கூட்டிக் காட்டுதுன்னு அர்த்தம். ஒரே ஒரு கிலோமீட்டரை வச்சு முடிவு பண்ணாதீங்க, கல்லு அங்கங்க தள்ளி நட்டிருப்பாங்க. டயர் தேய்மானத்தையும் மனசுல வச்சுக்கங்க, புதுசுல 7, 8 மிமீ உயரம் இருக்க பட்டன், அதாவது ரோட்டுல படுற ரப்பர் கட்டை, 1.6க்குத் தேயுறப்ப விட்டம் ரெண்டு சதவீதம் வரைக்கும் கொறைஞ்சிரும், அதனால தேஞ்ச டயர்ல எடுத்த கணக்கு புது டயருக்கு அப்படியே பொருந்தாது.

என்னைக் கேட்டா பழைய விட்டத்துல இருந்து மேல ரெண்டு சதவீதம், கீழ மூணு சதவீதம், அதைத் தாண்ட வேணாம். அலாய் வீல் ஆசை இருந்தா ரிம் பெருசாகுறப்ப சைடு உயரத்தைக் கொறைக்கணும், கம்பெனியே அப்படித்தான் பண்றான். ஸ்விஃப்ட்ல கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15, ரெண்டோட விட்டமும் 619.6, 621.5, ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதனால மீட்டர் பிரச்சனையே வராது.

விட்டம் சரியா இருந்தாலும் உள்ள உக்காருதான்னு தனியா பாக்கணும். ஒல்லி ரிம்ல அகல டயரை மாட்டுனா சைடு உப்பி நிக்கும், திருப்பத்துல வண்டி மெதக்குற மாதிரி இருக்கும், உங்க ரிம் அகலத்துக்கு அந்த டயரை மாட்டலாமான்னு டயர் கம்பெனி பட்டியல்ல இருக்கும், கேளுங்க. லோட் நம்பர், அதாவது டயர்ல சைஸுக்குப் பக்கத்துலயே இருக்க எடை தாங்குற நம்பர், பழசை விடக் கொறையவே கூடாது, 82னா ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 85னா 515 கிலோ.

கடையில நாலையும் மாட்டச் சொல்லாதீங்க. ஒரே ஒரு டயரை மட்டும் ரிம்ல ஏத்தி முன்னாடி மாட்டச் சொல்லுங்க, ஜாக்கியை எறக்கிட்டு ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிச்சுப் பாருங்க. உள்பக்கம் ஷாக் அப்சார்பர்கிட்ட ஒரு விரலாவது நுழையணும், மட்கார்டுக்கு உள்ள இருக்க பிளாஸ்டிக்ல எங்கயும் தொடக்கூடாது. அப்புறம் அதையே பின்னாடி மாட்டி, பின் சீட்டுல மூணு பேரை உக்கார வச்சு வண்டியை அமுக்கிப் பாருங்க. எங்க மச்சான் வண்டியில முன்னாடி எல்லாம் சரியா இருந்துச்சு, ஆளு ஏறுனதும் பின்னாடி மட்கார்டு ஓரத்துல டயர் தேச்சு ரப்பர் துருவல் விழுந்துச்சு, காலியா ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சே இருக்காது. ரோட்டுல ஓடாத டயர்னா கடைக்காரர் மாத்திக் குடுக்க வாய்ப்பிருக்கு, ஓடிட்டா யாரும் வாங்க மாட்டாங்க.

முன்னாடி ரெண்டு ஒரு சைஸ் பின்னாடி ரெண்டு ஒரு சைஸ்னு போடாதீங்க, பிரேக் அடிக்குறப்ப வீல் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் நாலு வீலோட சுத்தையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்யுது. ஸ்டெப்னி பழைய சைஸா இருந்தா பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா ஓட்டலாம், அதுக்கு மேல வேணாம். டிரைவர் கதவைத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி ஒத்துக்கற சைஸும் காத்து அளவும் அதுல போட்டிருக்கும், அதுல இருக்க சைஸைத் தாண்டிப் போறதா இருந்தா இன்சூரன்ஸ்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

பில்லுல சைஸையும் டயர் சைடுல இருக்க தயாரிப்பு கோடுல கடைசி நாலு நம்பரையும் எழுதி வாங்குங்க, 2324னா 2024ல 23வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். அலைன்மென்ட், பேலன்சிங் முடிச்சு நூறு கிலோமீட்டருக்குள்ள வீல் நட்டை ஒரு தடவை திரும்ப டைட் பண்ணிருங்க, அதே கையோட ஜிபிஎஸ் வேகத்தையும் மறுபடி எடுத்து டேஷ்போர்டுல எழுதி ஒட்டி வச்சிருங்க, வீட்டுல வேற யாரு ஓட்டுனாலும் பாத்துக்கட்டும்.