நார்வேஜியமும் பிரெஞ்சும் கலந்த கவிதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரு மொழி கலந்து கவிதை எழுதுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் ஓசை. நார்வேஜியமும் பிரெஞ்சும் சேரும்போது இது அப்பட்டமாகத் தெரியும். இரண்டும் அடியை அளக்கும் முறையே வேறு.

பிரெஞ்சு மரபுக் கவிதை அசைகளை எண்ணும். 'அலெக்சாந்திரேன்' அடிக்கு 12 அசை, ஆறாவது அசைக்குப் பின் சிறு நிறுத்தம். பேச்சில் விழுங்கிவிடும் ஈற்று உயிரும், அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் செய்யுளில் ஓர் அசையாகிவிடும். 'மெதுவான ஓர் அலை' என்பதைப் பாரிஸ்காரர் பேச்சுவாக்கில் 'யூன் வாக் லான்த்' என்று மூன்றே அசையில் முடிப்பார். அடியின் கடைசியில் வரும்போது அதுவே 'யூ-ன-வா-க-லான்த்', ஐந்து அசை. நார்வேஜியக் கவிதை பெரும்பாலும் அழுத்தம் விழும் இடங்களை எண்ணும். அதன் சொந்தச் சொற்களில் அழுத்தம் பொதுவாக முதல் அசையில். பிரெஞ்சிலோ சொற்றொடரின் கடைசியில். வெறுமனே 12 என்று எண்ணிக் கலந்தால் தாளில் சரியாக நிற்கும் அடி வாயில் நொண்டும். நார்வேஜிய அடிகளை மோனையால் கட்டுங்கள். நார்வேஜியத்தின் மூதாதை மொழியான பழைய நோர்ஸில் கவிதை மோனையில்தான் நின்றது. பிரெஞ்சு அடிகளை இயைபில் முடியுங்கள். அந்தந்த மொழி தன் நடையிலேயே நடக்கட்டும்.

ஒரே எழுத்துகளில் அமைந்த சொற்களை வைத்தே கவிதையை ஓட்டிவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. எஸ், ஓ, எல் என்று எழுதினால் நார்வேஜியத்தில் சூரியன், பிரெஞ்சில் தரை. பார்த்ததும் சிலிர்க்கும். வாய்விட்டுப் படித்தால் ஒன்று 'ஸூல்', மற்றது 'ஸொல்'. கேட்பவருக்கு அந்த ஒற்றுமை போய்ச் சேராது. ஒரு கவிதைக்கு ஒரு முறை போதும்.

எழுத்தின் மேல் வரும் குறிகளையும் விட்டுவிடாதீர்கள். நார்வேஜியத்தில் 'அப்பா' என்ற சொல்லின் உயிரெழுத்து மேல் ஒரு வளையம் வைத்தால் 'செம்மறியாடு'. பிரெஞ்சில் மீனவருக்கும் பாவிக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் ஒரு சின்னக் கோடுதான்.

ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் அதையே மற்ற மொழியில் பெயர்த்துத் தருவதை நான் அறவே ஒதுக்குவேன். தனக்குத் தெரிந்த வரியைப் படித்துவிட்டு வாசகர் மற்றதைத் தாண்டிப் போய்விடுவார். நார்வேஜியத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் 1962-இல் பிறந்த கரோலின் பெர்க்வாலின் படைப்புகளைத் தேடிப் படியுங்கள், கேளுங்கள். ஆங்கிலத்தோடு இந்த இரு மொழிகளும் அவர் கவிதையில் ஒன்றையொன்று உரசும், இடைமறிக்கும்.

நார்வேஜியத்துக்குப் பனியும் ஃபியோர்டும் (மலைகளுக்கிடையே புகுந்த கடல்), பிரெஞ்சுக்குக் காதலும் ஒயினும் என்று பங்கு பிரிக்கவும் வேண்டாம். 911-இல் வைக்கிங் தலைவன் ரோலோவுக்குப் பிரெஞ்சு மன்னன் நிலம் கொடுத்த காலத்திலிருந்தே வடக்கின் கடல் சொற்கள் அந்த நிலத்தில் உருவான நார்மண்டி வழியாகப் பிரெஞ்சுக்குள் புகுந்தன. மேலே சொன்ன 'வாக்', அதாவது அலை, அப்படி வந்த சொல்தான். இந்தப் பழைய உறவைத் தோண்டினாலே நல்ல கவிதைகள் கிடைக்கும்.

எந்த நார்வேஜியத்தில் எழுதப் போகிறீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பூக்மோல், நூநொர்ஷ்க் என்று இரண்டு எழுத்து வழக்குகள் உண்டு. 1885-இலேயே நாடாளுமன்றம் இரண்டையும் சமமாக ஏற்றது. 2023-இல் இலக்கிய நோபல் பெற்ற யோன் ஃபோஸே எழுதுவது நூநொர்ஷ்க்கில். 'நான்' என்பதே ஒன்றில் 'யெய்', மற்றதில் 'ஏக்'. காரணமில்லாமல் இரண்டும் ஒரே கவிதையில் வந்தால் நார்வே வாசகர் அதை எழுத்துப்பிழை என்றே எடுத்துக்கொள்வார்.