மலைமுகட்டில் மேகம் உருவாவதைக் காண்பது எப்படி?

ஆனி, ஆடி மாதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள மகேந்திரகிரியின் முகட்டில் பல மணி நேரம் ஒரே மேகம் படுத்திருப்பது போலத் தோன்றும். அடிவாரத்தில் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன. அப்படியிருக்க மேகம் மட்டும் ஏன் அடித்துச் செல்லப்படவில்லை? இதற்கான விடையை வெறும் கண்ணாலேயே கண்டறியலாம்.

முதற்படி, இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, குமரி மாவட்டப் பக்கத்துச் சரிவில் மோதி மேலேறுகிறது. நாம் நிற்க வேண்டியது அதன் எதிர்ப்புறம், பணகுடி, காவல்கிணறு பகுதியின் சமவெளியில். மேற்கே நின்றால் மேகத்தின் அடியில் அகப்பட்டுக்கொள்வோம். கிழக்கிலிருந்து பார்த்தால் முகடும், அதைத் தாண்டி வழியும் மேகத்தின் விளிம்பும் ஒருசேரத் தெரியும். காலையில் சூரியன் முதுகுப்புறம் இருப்பதால் கண் கூசாது.

அடுத்து ஒரு சிறிய கணக்கு. மேலேறும் காற்று விரிந்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. அது பனிப்புள்ளி எனப்படும் வெப்பநிலையை எட்டியதும் நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. தரையில் உள்ள வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் அமையும் என்பது தோராயமாகக் கிடைக்கும். கைப்பேசியின் வானிலைச் செயலியில் நாகர்கோவிலுக்கு வெப்பநிலை 29, பனிப்புள்ளி 24 என்று காட்டினால், 5 × 125 = 625 மீட்டர். மகேந்திரகிரியோ 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆகவே அன்று முகட்டில் மேகம் நிற்கும் என்று வீட்டிலிருந்து புறப்படும் முன்பே எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது படிதான் இந்த முயற்சியின் உயிர். இதற்கு அவசரப்படக் கூடாது. மேகத்தின் முழு உருவத்தையும் பார்க்காமல், நம் பக்கமாக வழியும் விளிம்பில் ஒரே ஒரு பிசிறைத் தேர்ந்தெடுத்து, அருகிலுள்ள பாறையையோ மரவரிசையையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, அது மறையும் வரை கண்ணை எடுக்காமல் தொடருங்கள். அந்தப் பிசிறு முகட்டைத் தாண்டி வேகமாக இறங்கும், மெலியும், பிறகு இல்லாமற்போகும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டு வெப்பமடைவதால் துளிகள் மீண்டும் ஆவியாகின்றன. அதே வேளையில் மறுபுறம் புதிய துளிகள் பிறந்தபடியே இருப்பதால் மேகத்தின் வடிவம் மாறாமல் தோன்றுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள அந்த மேகத்தில் உள்ள துளிகள் ஏறத்தாழ 100 நொடிகளில் முழுவதுமாக மாறிவிடும். நாம் பார்ப்பது நிற்கும் பொருளையன்று, நடந்துகொண்டே இருக்கும் ஒரு நிகழ்வை. இதைத் தம் கண்ணால் ஒருமுறை கண்டவர் பிறகு எந்த மலைமேகத்தையும் பழைய பார்வையில் பார்க்கமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்தைக் கைப்பேசி காட்டும். காற்றில் ஆடாதபடி அதை முக்காலியில் பொருத்தி, 5 நொடிக்கு ஒரு படம் வீதம் 20 நிமிடம் எடுங்கள். கிடைக்கும் 240 படங்களை நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் பத்து நொடிக் காணொளி உருவாகும். அதில் மேகம் முகட்டின் மீது அருவியாக வழிவது தெளிவாகத் தெரியும்.

கிழக்கு விளிம்பு எந்த உயரத்தில் கரைகிறது என்பதை அரைமணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். மேற்குச் சரிவில் மழையாகப் பொழிந்த நீர் இப்பக்கம் வருவதில்லை. எனவே மேகம் உருவான மட்டத்தைவிட உயரத்திலேயே இங்கு கரைந்துவிடும். விளிம்பு படிப்படியாகக் கீழிறங்கினால் காற்றில் ஈரம் கூடுகிறது என்று பொருள், சாரல் நம் பக்கமும் எட்டக்கூடும். இடி கேட்டால் மட்டும் திறந்தவெளியில் நிற்காமல் உடனே கட்டடத்திற்குள்ளோ, மூடிய வாகனத்திற்குள்ளோ சென்றுவிடுங்கள்.